மேல்குட்டை அவள் பங்கு

"மூலையப் புடி ரோஜர். இழுக்காத. அதுவா கழண்டு வரும்" என்றாள் லொரெய்ன்.

ரோஜர் கங்காஸ் இழுக்கவில்லை. மர அச்சின்மேல் ஈரமாக ஒட்டி மூன்று நாள் காயவைத்த காகிதப் பெட்டியின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கொட்டகை மேஜையருகே நின்றார். அவர் மனைவி பெவ்வோடு காகிதம் செய்த லொரெய்ன் மறுமூலையில் வெண்ணெய்க் கத்தியைச் செருகி மெல்ல நெம்பினாள். பெட்டி மொறுமொறுவென்று சத்தம் போட்டுக்கொண்டே அச்சைவிட்டுக் கழன்றது. பச்சையும் பொன்னும் கலந்த நிறம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் உள்ளே நார்கள் ஓடுவது தெரிந்தது. பெவ் கடைசியாகக் காய்ச்சிய காகிதக் கூழ் அது. ஃப்ரீஸரில் மான்கறிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் கிடந்தது. கூடவும் இல்லை குறையவும் இல்லை, சரியாக ஒரு பெட்டிக்கும் மூடிக்கும் வந்தது.

பெவ் உள்ளே சமையலறை மேஜைமேல் இருந்தாள். ஐந்து பவுண்டு மாவுப் பை அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையில், சாம்பலாக. ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் இவ்வளவுதானா என்று வியாழக்கிழமை அதைக் கையில் வாங்கும்போது ரோஜருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் சாவு வீட்டில் யாரும் சத்தமாக அழுவதோ பேசுவதோ கிடையாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தால் யாருக்காவது காப்பி ஊற்றப் போய்விடுவார்கள்.

"பதினோரு மணிக்குத்தான சர்ச்?" என்றாள் லொரெய்ன். "நேரம் இருக்கு. மூடிமேல ஒட்ட ரெண்டு பூ வேணும்னு எழுதி வெச்சிருக்கா. நீ சட்டைய மாத்து. நான் போய்ப் பறிச்சிட்டு வந்துர்றேன்."

"என்ன பூ?"

"ஐரிஸ்தான். வேற என்ன? இந்த வாரம் மேல்குட்டைல கொட்டிக் கெடக்குமே."

"மேல்குட்டைல ஏது ஐரிஸ்?"

லொரெய்ன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைப் பார்த்தவளின் முகம்.

"இல்ல… நான் வேற எதையோ…" என்றாள்.

"லொரெய்ன்."

"உனக்குத் தெரியும்னுதான் அவ சொன்னா, ரோஜர். சத்தியமா."

மஞ்சள் ஐரிஸை யாரோ எந்தக் காலத்திலோ அழகுக்கென்று தோட்டக் குட்டையில் வைக்கப் போக, அது வேலி தாண்டி ஓடைக்கு வந்து குடியேறியது. வந்த இடத்தில் வேறு எதையும் வாழவிடாது. கரையோரம் கிழங்கு கிழங்காகப் பின்னிக்கொண்டு, இஞ்சி மாதிரி கிளைவிட்டு, தண்ணீரையே அடைத்துவிடும். வாத்து முட்டையிட இடம் இருக்காது, மீன் குஞ்சுக்கு நிழல் இருக்காது. பெவ்வும் ரோஜரும் இந்த வீட்டுக்கு வந்தபோது ஓடையின் அரை மைல் நீளமும் மஞ்சளாகத்தான் இருந்தது. பெவ்தான் முதலில் ஒரு கட்டு இலையை அறுத்துக்கொண்டு வந்து, துண்டு துண்டாக நறுக்கி, சலவைச் சோடா போட்டு நாள் முழுக்க வேகவைத்தாள். வீடு பூராவும் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். அலசி, அடித்து, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளிக் கம்பளித் துணிமேல் கவிழ்த்தாள். காய்ந்ததும் அந்தத் தாளை எடுத்துக் காதருகே ஆட்டிக் காட்டினாள். "கேளு, பேசுது" என்றாள்.

பிறகு பூண்டுக்கடுகு, நாணல், ஜப்பான் முடிச்சுச்செடி என்று ஊரைக் கெடுத்த எல்லாச் செடியையும் காய்ச்சினாள். ஆள் உயரத் தாள்களில் அந்த ஓடையையே கூழால் வரைந்தாள். மில்வாக்கி நகரத்தில் கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைக்காரி ஒருத்தி வந்து, "களையைக் கலையாக்கியவர்" என்று எழுதினாள். ரோஜரின் படமும் ஓரத்தில் வந்தது, இடுப்புவரை ரப்பர் உடுப்போடு, மண்வெட்டியோடு.

அவர்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. இலை அவளுக்கு, கிழங்கு அவருக்கு. அவள் அறுத்துப் போன பிறகு அவர் தோண்டுவார். கட்டைவிரல் அளவு துண்டு மிஞ்சினாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பதால், தோண்டியதைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் அழுகப்போட வேண்டும். சாயங்காலம் பெவ் ஒரு வாளியோடு தனியாகப் போய்ச் சிதறின துண்டுகளைப் பொறுக்குவாள். எவ்வளவு பொறுப்பு என்று ரோஜர் நினைப்பார். இரண்டாவது பங்கீடு இடத்தில். களை எடுப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓடையின் தலையிலிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து விதையும் கிழங்கும் மிதந்துவந்து கீழே பட்ட பாட்டையெல்லாம் பாழாக்கும். தலையில் இருந்தது மேல்குட்டை, பீவர் என்ற கொறிவிலங்குகள் எப்போதோ அணைகட்டி விட்டுப்போனது. இரண்டாம் வருஷம் அந்தச் சரிவில் விழுந்து ரோஜரின் முழங்கால் போயிற்று. "மேல்குட்டை என் பங்கு. நீ கீழ பாத்துக்கோ" என்றாள் பெவ். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கேட்பார்.

"மேல என்ன நிலவரம்?"

"சுத்தம். ஒண்ணுகூட இல்ல."

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே கூடவே களை எடுத்த ஓடைக் காவல் தன்னார்வலர்களுக்கும் கொடுத்தாள்.

மூன்றாவதாக ஒரு பேச்சும் இருந்தது. ரோஜருக்கு அதுதான் முக்கியம். டுலூத் நகரத்தில் அவருடைய இரட்டைப் பிறவி டென்னிஸ் இருந்தான். மனைவி போன பிறகு மாடியில் தனியாக இருந்துகொண்டு, கீழ்வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடாமல் இவர்களுக்காகப் பூட்டி வைத்திருந்தான். பெவ் சொன்னாள்: "தொடர்ந்து மூணு கோடை ஒரு முளைகூட வரலைன்னா ஓடை பொழைச்சுதுன்னு அர்த்தம். அன்னிக்கு வண்டியக் கெளப்பு. நான் வரேன்." அந்த மூன்று கோடைக்காகத்தான் ரோஜர் பதினேழு வருஷம் தண்ணீரில் நின்றார்.

ரோஜர் இப்போது கொட்டகையைவிட்டு வெளியே வந்தார். கறுப்புக் கோட்டோடும் சர்ச் காலணியோடும் நீராவிக் குளியல் குடிசையின் பின்னால் நடந்தார்.

மேலே போகும் வழியில் புதர் மண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். நன்றாகத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை இருந்தது. ஒரே ஆள் பலகாலம் நடந்து தேய்த்தது. கொசு மொய்த்தது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஏதோ சொன்னது. சரிவின் மேல் விளிம்பில் ஒரு பைன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

குட்டையைச் சுற்றி ஒரே மஞ்சள்.

அழகாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான். வெயில் விழுந்து ஒவ்வொரு பூவும் இப்போதுதான் குளித்து வந்ததுபோல் நின்றது. தானாக வந்த செடியில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. வரிசை வரிசையாக, ஒரு முழ இடைவெளியில், கிழங்கு மிதந்து போகாதபடி கல் அணைத்து நட்டது. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு குச்சி, குச்சியில் சின்ன அலுமினியத் தகடு. தக்காளிச் செடிக்கென்று அவரே வாங்கிக்கொடுத்த தகடுகள். காகிதம் செய்கிறவர்களுக்கு எந்த நார் எந்த இடத்திலிருந்து எந்த மாதம் வந்தது என்று குறித்து வைக்காவிட்டால் கை ஓடாது. இடம் மாறினால் தாளின் நிறமே மாறிவிடும். பெவ் இதில் மகா ஒழுங்கு.

ரோஜர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பென்சில் எழுத்து. "செப். 2009. கீழ்வளைவு. ரோ. தோண்டியது." அடுத்தது: "செப். 2012. பாலத்தடி. ரோ. தோண்டியது."

அவர் தோண்டியதைத்தான் நட்டிருக்கிறாள். சாயங்காலம் வாளியோடு பொறுக்கப் போனது இதற்குத்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறாள், பதினேழு வருஷமாக. அவர் ஒவ்வொரு தகடாகப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டார். போட்டுக்கொண்டே போனார். ஆறாவதோ ஏழாவதோ வரிசையில் நின்றுவிட்டார்.

"அக். 2015. லொரெய்ன் தோட்டம்." இந்த வரிசை மட்டும் கல் அணைக்காமல், தண்ணீர் ஓடைக்குள் இறங்கும் வாயிலேயே நட்டிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஓடையில் ஒரு முளையும் இல்லை. பதினைந்திலும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரோஜர் புத்தகங்களையும் கண்ணாடிச் சாமான்களையும் அட்டைப்பெட்டிகளில் கட்டத் தொடங்கிவிட்டார். டென்னிஸ் கீழ்வீட்டுக்கு நீலச் சாயம் அடித்துவிட்டுப் போன் பண்ணினான். இரண்டாயிரத்துப் பதினாறு ஜூனில் கீழ்வளைவில் ஏழு முளை. ரோஜர் கரையில் உட்கார்ந்துவிட்டார். பெவ் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அன்று இரவு அவருக்குப் பிடித்த முட்டைப் பலகாரத்தை அடுப்பில் சுட்டுக் கொடுத்தாள். டென்னிஸ் போனில் சிரித்தான். "நீ அங்க களைய புடுங்கி முடிக்கறதுக்குள்ள இங்க என்னைய புடுங்கிருவாங்கடா" என்றான். ஐந்து வருஷம் கழித்து ஒரு பிப்ரவரியில் அப்படித்தான் ஆயிற்று. பனியில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ரோஜர் பார்த்தது நீலச் சுவரைத்தான்.

மிச்ச வரிசைகளின் தகடுகளையும் பிய்த்துக்கொண்டு அந்த மண்ணில் நின்றபோது அவருக்கு அழ வரவில்லை. செத்துப்போன பெண்டாட்டியைக் கையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள், கூடத்தில் போட்ட கட்டிலில் கிடந்து அவள் கேட்டாள்: "மேல போய்ப் பாத்தியா?" அவர் சொன்னார்: "அது நீ பாத்துக்கிட்ட எடம். சுத்தமா இருக்கும். கவலப்படாத." அவள் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி என்று நினைத்து அவர் நாக்கடியில் மருந்துச் சொட்டு விட்டார். அவள் எழுதிவைத்த தாளில் இருந்தது: சாம்பலை மேல்குட்டையில் விட வேண்டும், ரோஜரும் கர்ட்டும் லொரெய்னும் மட்டும் போக வேண்டும். ஏன் அங்கே என்று அவருக்கு இரண்டு நாளாகப் புரியவில்லை. இப்போது புரிந்தது. அவர் கத்த முடியாத நாளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வந்தபோது லொரெய்ன் கொட்டகையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். காலணியிலிருந்த சேற்றைப் பார்த்ததும் எழுந்தாள். ரோஜர் ஒரு தகட்டை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அவள் படித்தாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எங்க காகிதக் குழுல ஆறு பேருக்கும் தெரியும்."

"ஆறு பேர்! எங்க வீட்ல காப்பி குடிச்சுட்டு, என் கைல கொப்புளத்தப் பாத்து 'ஐயோ பாவம்'னீங்களே, அந்த ஆறு பேரா?"

"ரோஜருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கறது அவனுக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னா. நம்பறது எங்களுக்கும் சௌகரியமா இருந்துச்சு. அந்த மாதிரி இலை வேற எங்க கெடைக்கும்? அறுக்க அறுக்க வரணும், நல்ல மண்ணுல வரணும். அவளோட பெரிய தாள் எல்லாமே அதுலதான்."

"பதினஞ்சுல ஓடைல ஒண்ணும் இல்லையே. உன் தோட்டத்துல இருந்து கொண்டாந்து நட்டிருக்காளே. அதுவும் இலைக்கா?"

லொரெய்ன் மூக்கைச் சிந்தினாள். "அவளுக்கு டுலூத் புடிக்கல."

"சொல்லியிருக்கலாமே."

"பயந்தா."

"அம்பது வருஷம் நான் அவள ஒரு வார்த்த அதட்டியிருப்பனா? எதுக்குப் பயம்?"

"நீ சரின்னு சொல்லிருவியோன்னுதான் பயம். சரி, போகவேணாம்னு சொல்லிட்டு, மிச்ச காலம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்ப. உன்னை அவளுக்குத் தெரியாதா? ஓடை மேல பழியப் போட்டா உனக்கு அவமேல கோவம் வராதுன்னு நெனச்சா."

"அவளுக்கு வேலை மிச்சம். எனக்கு என் அண்ணன் மிச்சமில்ல" என்றார் ரோஜர். டென்னிஸ் பதினோரு நிமிஷம் மூத்தவன்.

லொரெய்ன் அவர் கையைத் தொட வந்தாள். அவர் கோட்டின் பொத்தானைப் போடுவதுபோல் கையை எடுத்துக்கொண்டார். வாசலில் கர்ட் வந்து நின்றான். நாற்பத்து நாலு வயது மகன், கிரீன் பே ஊரிலிருந்து இரண்டு நாளைக்கு முன் வந்தவன். அம்மாவின் தாள் ஒன்றைத் தன் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவனுக்கெல்லாம் கதை சொல்பவன்.

"அப்பா, நேரமாச்சு. என்ன ஷூவெல்லாம் சேறு?"

"மேல போயிருந்தேன்."

"அம்மாவத் தேடி போயிட்டீங்களா?" என்றான் கர்ட், குரல் உடைய. ரோஜருக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சர்ச்சில் போதகர் ஓடையைப் பற்றியே பேசினார். உடைந்ததையெல்லாம் பெவ் கூழாக்கிப் புதுத் தாளாக்கினாள் என்றார். ரோஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து கோட்டுப் பைக்குள் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மேஜையில் விட்டது போகப் பதிமூன்று இருந்தது.

பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் வைத்த பன், சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி, ஏலக்காய் ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காப்பி. காகிதக் குழுவின் மற்ற ஐந்து பேரும் பரிமாறும் பக்கம் நின்றார்கள். லொரெய்ன் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, ரோஜர் தட்டை நீட்டியபோது ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் அவருக்கு இரண்டு துண்டு ரொட்டி கூட வைத்தாள்.

ஓடைக் காவலுக்குத் தலைவி ட்ரேசி, பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும். துணி சுற்றிய ஒரு பலகையோடு வந்து நடுவில் நின்றாள். துணியை விலக்கினாள். தேவதாரு மரத்தில் செதுக்கியிருந்தது: "பெவ் கங்காஸ் ஓடை. மீட்டெடுக்கப்பட்டது."

"கீழ்ப்பாலத்துகிட்ட நடறோம். கவுண்டி ஆபீஸ்ல பேர் மாத்தவும் எழுதிப் போட்டாச்சு" என்றாள் ட்ரேசி. "நாங்க மேல்குட்டைப் பக்கம் ஆள் அனுப்பினதே இல்ல. ஏன்னா அங்க பெவ் இருந்தா. வருஷா வருஷம் அவ கையெழுத்து வந்தா போதும், அது பைபிள் மாதிரி." அவள் பலகையை மேஜைமேல் சாய்த்து வைத்தாள். "ரோஜர், நீங்க ரெண்டு வார்த்த பேசணும்."

எல்லோரும் திரும்பினார்கள். பரிமாறும் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. ரோஜர் எழுந்தார். பையில் கையை விட்டார். தகடுகளை இந்த மேஜைமேல் கொட்டி, வாசிங்க, கையெழுத்து தெரியும்ல, என்று சொன்னால் போதும். ஒரு நிமிஷ வேலை. பேரும் போகும், பலகையும் போகும். வாய்வரை வந்துவிட்டது.

"சாம்பல விட மேல்குட்டைக்குப் போறோம்" என்றார். "வர்றவங்க எல்லாரும் வாங்க."

கர்ட் முழித்தான். "அப்பா, நாம மூணு பேர் மட்டும்னுதான அம்மா எழுதியிருக்காங்க?"

"அவ எழுதினது அவளோட. எல்லாரும் பாக்கட்டும்."

பதினைந்து பேர் கிளம்பினார்கள். போதகர் பூட்ஸ் கொண்டுவரவில்லை என்பதால் கீழேயே நின்று ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினார். ரோஜர் சாம்பல் வைத்த காகிதப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். அது ஒவ்வொரு அடிக்கும் மொறுமொறுத்தது. லொரெய்ன் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"வேணாம் ரோஜர். ட்ரேசி வேணாம். கால்ல விழறேன். செத்தவள எதுக்குத் திரும்பக் கொல்ற?"

"ஏன், நல்லாப் பூத்திருக்கு. பாக்கட்டும்."

"கர்ட்ட நெனச்சுப் பாரு."

"என்னைய யாராவது நெனச்சீங்களா?"

லொரெய்ன் பின்தங்கிவிட்டாள். சரிவு முழுக்கப் பின்னாலிருந்து பேச்சுக் கேட்டது. தன்னார்வலர் இரண்டு பேர் பெவ்வின் சிரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மேலே போய் ரோஜர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

பேச்சு நின்றது.

ட்ரேசி வரிசைகளின் ஓரமாக நடந்தாள். ஒரு செடியடியில் குனிந்து அணைத்த கல்லைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் வழிந்து ஓடைக்குள் இறங்கும் வாய்க்கால்வரை போய், அங்கே நின்று கீழே பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"யார் வேலை இது?"

"தானா வந்திருக்கும்" என்றான் கர்ட். "அம்மாவால கடைசி வருஷம் ஏற முடியல இல்லையா…"

"தானா வர்றது வரிசையா வருமா கர்ட்? கல்லு வெச்சுக்கிட்டு வருமா? இது பத்து வருஷத்துக் கிழங்கு."

அவள் லொரெய்னைப் பார்த்தாள். லொரெய்ன் தரையைப் பார்த்தாள். ட்ரேசி மெல்ல ரோஜர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது கண்ணில் தெரிந்தது. கோபம் இளகி வேறொன்றாக மாறியது.

"ரோஜர்… உங்களுக்கே தெரியாதா? அவ உங்களையும்…"

அவள் முடிக்கவில்லை. பதினைந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். ரோஜர் அதை எதிர்பார்க்கவில்லை. பெவ்வைப் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் கூட்டிவந்தார். அவர்கள் பார்த்தது அவரை. முழங்கால் ஊன்றி, கொப்புளம் வெடித்து, பெண்டாட்டி மேலே நட்டதைக் கீழே தோண்டிக்கொண்டே இருந்த ஒரு கிழவனை. ஒருத்தி கையை வாயில் வைத்துக்கொண்டாள். இனி பெட்ரோல் போடப் போனாலும் தபால் வாங்கப் போனாலும் இந்தப் பார்வைதான். கர்ட்டும் இப்படித்தான் பார்ப்பான். திருடன் என்று பார்த்தால்கூடத் தாங்கிவிடலாம் போலிருந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றார் ரோஜர்.

"என்ன?"

"அவளுக்கு இலை வேணும். வேற எதுலயும் இந்த மாதிரி தாள் வராது. அதான் வெச்சேன். அவளுக்குத் தெரியாது. மேல சுத்தமா இருக்குன்னு நான் சொன்னத நம்பிக் கையெழுத்துப் போட்டா."

லொரெய்ன் நிமிர்ந்தாள். வாய் திறந்தது. ஒரு நிமிஷம் அவள் பேசிவிடுவாள் என்றே ரோஜர் நினைத்தார். பேசிவிடட்டும் என்றும் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"முட்டி வலின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!" என்றாள் ட்ரேசி. "நாங்க பனித் தண்ணில நின்னோம். என் பொண்ணுக்குக் கையெல்லாம் வெந்து போச்சு இந்தப் பாலு பட்டு. போயிடுச்சுன்னு நெனச்சா திரும்ப முளைக்குது, ஏன்னு தெரியல, நாங்க ஏதோ சரியா செய்யலைன்னு நெனச்சு நெனச்சு… எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

ரோஜருக்கும் அந்தக் கேள்விதான் காலையிலிருந்து. "தெரியல" என்றார்.

"பூ உதிர்ந்தா காய் புடிச்சிரும். அடுத்த சனிக்கிழம ஆள் கூட்டிட்டு வரேன். எல்லாத்தையும் தோண்டிர்றோம்." ட்ரேசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வர வேணாம். இனிமே எப்பவுமே ஓடைப் பக்கம் வர வேணாம், ரோஜர்."

அவர் தலையாட்டினார்.

"பலகைய எடுக்க மாட்டேன். அது பெவ்வுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சரிவில் இறங்கினாள். தன்னார்வலர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போனார்கள். காகிதக் குழுப் பெண்களும் போனார்கள். லொரெய்ன் கடைசியாகப் போனாள், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.

கர்ட் மட்டும் நின்றான். "ஏன்பா இப்படிப் பண்ணீங்க? அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா செத்தே போயிருப்பாங்க."

"கீழ போ கர்ட்."

"நான் கூட இருக்கேன்."

"போன்னு சொல்றேன்ல."

கர்ட் போனான். காலடிச் சத்தம் அடங்கும்வரை ரோஜர் காத்திருந்தார். பிறகு சர்ச் காலணியோடு தண்ணீருக்குள் இறங்கினார். ஜூன் மாதத்திலும் அது குளிர்ந்துதான் இருந்தது. முழங்கால் அளவு வந்ததும் நின்று, பெட்டியைத் தண்ணீர்மேல் வைத்துக் கையை எடுத்தார்.

அது மூழ்கவில்லை. நல்ல நார், இறுகக் கட்டின தாள். பச்சைப் படகு மாதிரி ஒருமுறை சுற்றிவிட்டு, செடிகளுக்கு நடுவே இடம் பார்த்து, வாய்க்கால் பக்கமாக நகரத் தொடங்கியது. அங்கே போனால் கீழே இறங்கிவிடும். ரோஜர் இரண்டு எட்டு வைத்து அதைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையால் தண்ணீருக்குள் அழுத்தினார். பெட்டி அடியில் மூச்சு விடுவதுபோல் குமிழி விட்டது. கையைத் தளர்த்தினால் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். கோட்டுக் கை தோள்வரை நனைந்தது. கீழே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.